நாற்பது பானை

“நீங்கல்லாம் ஒரு தாயா?”

கேட்ட பிறகுதான் சின்ன டாக்டருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கேட்டது கேட்டதுதான். பின்வாங்குகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த புள்ளியியல்காரியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் ‘தராசு’ என்று பட்டப்பெயர். முள் நேராக நிற்காவிட்டால் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

“தாய்தான் டாக்டர். பையனுக்குப் பத்து மாசம் ஆகுது. நேத்துதான் பிடியை விட்டுட்டு எழுந்து நின்னான். அதுக்கும் இந்த அறிக்கைக்கும் என்ன சம்பந்தம்?”

விஷயம் இதுதான். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிற ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து ஒரு மருந்துச் சோதனை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சோதனை முடியும்வரை யாருக்கும் தெரியாது. போன வாரம்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. மாத்திரை தோற்றுவிட்டது.

சின்ன டாக்டர் விடவில்லை. வயது வாரியாக, எடை வாரியாக, சர்க்கரை உள்ளவர் இல்லாதவர் என்று நோயாளிகளை நாற்பது விதமாகக் கூறு போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒரு கூறு கிடைத்தது. பிரசவத்துக்குப் பிறகு இதயம் பலவீனமான இளம் தாய்மார்கள். முப்பது பேர்கூட இல்லை. அவர்களில் நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருத்திதான் இறந்திருந்தாள். வெறும் மாத்திரையில் ஆறு பேர்.

‘இளம் தாய்மார்களுக்கு மருந்து பலனளிக்கிறது’ என்று எழுதியே ஆக வேண்டும் என்றாள் சின்ன டாக்டர். எழுத விடமாட்டேன் என்றாள் தராசு. நடுவில் பெரிய டாக்டர், துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டு.

“மேல வார்டுல ஒரு பொண்ணு படுத்திருக்கா. பெத்த குழந்தையைத் தூக்கினாலே மூச்சு வாங்குது. அவகிட்ட போய், மருந்து இருக்கும்மா, கணக்கு மேடம்தான் விடமாட்டேங்கறாங்கன்னு சொல்லட்டுமா?”

“மருந்து இருக்கா இல்லையான்னே தெரியலைன்னு சொல்லுங்க. அதுதான் உண்மை.”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க. உங்களுக்கு முப்பது சோறு போதாதா?”

“அது ஒரே பானை டாக்டர். நீங்க நாப்பது பானையிலயும் கையை விட்டுத் துழாவி, வெந்த சோறாப் பாத்து ஒண்ணைப் பொறுக்கி நீட்டறீங்க.”

பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டார்.

தராசு மடிக்கணினியில் எதையோ தட்டி, திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“நானும் ஒரு கூறு போட்டேன், பாருங்க. செவ்வாய்க்கிழமை சேர்ந்த நோயாளிங்களுக்கு மாத்திரை அமிர்தம். வெள்ளிக்கிழமை சேர்ந்தவங்களுக்கு விஷம். மாத்திரை அட்டையில அச்சடிச்சிடலாமா, ‘செவ்வாய்க்கிழமை மட்டும் மூச்சு வாங்கவும்’னு?”

சின்ன டாக்டருக்குக் காது சிவந்தது. “கிழமையும் பிரசவமும் ஒண்ணா?”

“ஒண்ணில்லைதான். உங்க கூறுல நிஜமாவே விஷயம் இருக்கலாம். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்ததாவும் இருக்கலாம். இந்த மாத்திரையால எத்தனை பேருக்குச் சிறுநீரகம் கெட்டுதுன்னு உங்களுக்கே தெரியும். நாம எழுதிட்டா, நாளைக்கே பச்சை உடம்புக்காரிங்க எல்லாரும் இதை முழுங்குவாங்க. தப்பா இருந்தா?”

“நிஜமா இருந்தா?”

தராசு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நிஜமா இருக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆசை வந்துட்டா ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்தான் பாக்கும். அதனாலதான் சொல்றேன். இந்தத் தாய்மார்களை மட்டும் வெச்சுப் புதுசா ஒரு சோதனை நடத்துங்க. எதைத் தேடறோம்னு முன்னாலேயே எழுதி வெச்சுட்டு நடத்துங்க. அதுல ஜெயிச்சா நானே தண்டோரா போடறேன்.”

பெரிய டாக்டர் ஒருவழியாகக் கண்ணாடியை மாட்டினார். “நடத்தலாம்மா. ஆளுக்கு எங்க போறது? வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. ஆனா இந்த மாத்திரை பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எவ வருவா இந்தப் பூவா தலையாவுக்கு?”

“வருவாங்க சார். ஒருத்தி வந்தாப் போதும். அவளைப் பாத்து அடுத்தவ வருவா.”

“அடுத்தவங்களுக்குன்னா எவ்வளவு சுலபமா வாய் வருது!” என்றாள் சின்ன டாக்டர்.

பெரிய டாக்டர் கையமர்த்தினார். “போதும். ‘இது வெறும் சந்தேகம், இனிமேதான் சோதிக்கணும்’னு ஒரே ஒரு வரி எழுதுவோம். அதுக்கு மேல கூடாது. புதுச் சோதனைக்கு இன்னிக்கே விண்ணப்பம் போடறேன். அதுக்கும் கணக்கு நீங்கதானேம்மா?”

“இல்ல சார். வேற ஆளைப் பாத்துக்குங்க.”

சின்ன டாக்டருக்குப் பொறுக்கவில்லை. “பாத்தீங்களா சார்? ஊரான் வீட்டுப் பொண்ணுங்களைப் பகடையா உருட்ட வழி பண்ணிட்டு, இவங்க மட்டும் நைசா நழுவறாங்க!”

தராசு மடிக்கணினியை மூடினாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த களைப்புக்கே இரண்டு மூச்சு சேர்த்து வாங்க வேண்டியிருந்தது.

“முதல் ஆளா என் பேரை எழுதிக்குங்க டாக்டர். மாத்திரை முழுங்கறவளே கணக்கும் பாக்கக் கூடாதில்ல?”