முதல் மீன்

தீவுநாடு கடலுக்குள் போய்விட்ட பிறகு, அதன் குடிமக்கள் யார் என்று சான்று தருவது தூத்துக்குடியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தீவுநாட்டுப் பண்பாட்டு ஆய்வு மையத்தின் வேலையாயிற்று. அத்தீவில் பிறந்து வளர்ந்த அலி மனிக், மையத்தின் தேர்வில் மூன்றாம் முறையாகத் தோற்றார்.

“பிடிச்ச முதல் மீன் யாருக்குன்னு கேட்டா, பூனைக்குன்னு சொல்லுதீய. ஊர்த்தலைவருக்குன்னுல்லா புத்தகத்துல இருக்கு, அண்ணாச்சி” என்றார் பேராசிரியர் கோமதிநாயகம்.

“புத்தகம் எழுதினவர் தலைவர் வீட்ல தங்கியிருந்தார் சார். எங்க வீட்ல பூனைக்குத்தான்.”

“அடுத்த தடவையாவது படிச்சிட்டு வாங்க.”

நாளை மகள் ஷீரினுக்குத் தேர்வு. அவளும் தோற்றால் பள்ளியில் இடம் கிடையாது. வீடு திரும்பியதும் அலி அவளை எதிரே உட்காரவைத்தார்.

“முதல் மீன் யாருக்கு?”

“நம்ம பூனைக்கு.”

“தலைவருக்கு.”

“அப்ப பூனைக்கு?”

அலி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “நம்மகிட்ட பூனையே இருந்ததில்ல.”