இரண்டு கார், மூன்று சுவர்

"ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்று கேட்டாள் மனைவி.

"கூப்பிடலாம். வந்து என்ன செய்வான்? செங்கல் மேல கலவை, கலவை மேல செங்கல். இதுக்கு ஒரு ஆளா?" என்ற கணவர், நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைக்கிறேன் பேர்வழி என்று நெற்றி முழுக்க சிமெண்டைப் பூசிக்கொண்டார்.

வாசலில் இரண்டு கார்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பழையது அவருடையது. புதியது அவள் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்து ஆசை ஆசையாய் வாங்கியது. வாங்கிய வாரமே காக்கைகள் அதன்மேல் கைவரிசையைக் காட்டிவிட்டன. "காருக்கு ஒரு கூரை இருந்தா நல்லாருக்கும்" என்று அவள் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம்; அவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, செங்கல் லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினார்.

அன்றோடு போனது அவள் நிம்மதி.

அஸ்திவாரம் என்று அவர் தோண்டிய பள்ளத்தில் ஒரு ரோஜாச் செடி நடலாம். பெரிய செடியாக இருந்தால் அதுவும் முடியாது.

"இன்னும் கொஞ்சம் தோண்டுங்களேன்."

"எதுக்கு? கிணறா வெட்டறோம்?"

"செங்கல்லைத் தண்ணியில ஊறப்போட்டுக் கட்டணும்னு சொல்வாங்களே..."

"ஊறப்போட இது என்ன பருப்பா? உள்ள போய் வேலையைப் பாரு."

இடுப்பளவு வந்தபோது சுவர் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. தலைக்கு மேலே போனபோது மனசு மாறி, தெருப் பக்கம் சாய்ந்தது.

"நூல் பிடிச்சுக் கட்டியிருக்கக் கூடாதா?" என்றாள் அவள், அழாத குறையாக.

"பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ரெண்டையும் கூட்டிக் கழிச்சா நேர்தானே? இதெல்லாம் கணக்குத் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும்."

மூன்று சுவரும் எழும்பி, மேலே தகரமும் ஏறியபிறகு, வேடிக்கை பார்க்க அவள் தம்பி வந்தான். வந்தவன் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். ஓரிடத்தில் நின்றான்.

"அத்தான், இந்த விரிசல்ல என் கையே போகுதே!"

"விரிசல் இல்ல மாப்ள. காத்தோட்டம். இன்ஜின் சூடு வெளிய போக வேணாமா?"

"லேசாத் தள்ளிப் பாக்கட்டுமா?"

"தாராளமா! யானை வந்து முட்டினாலும் அசையாது."

தம்பி அக்காவைப் பார்த்தான். 'உனக்குப் புண்ணியமாப் போகும், வேண்டாம்' என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டான்.

"யார்கிட்டயாவது ஒரு யோசனை கேட்டிருக்கலாமே அத்தான்?"

"என்கிட்ட யோசனை கேக்கத்தான் ஊரே வரிசையில நிக்குது. நான் போய் யாரைக் கேக்கறது?"

தம்பி இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

அவர் பழைய காரை முதலில் உள்ளே விட்டார். பிறகு புதிய காரை, ஒரு பக்கச் சுவரை உரசாத குறையாக, நுழைத்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இறங்கினதும் கதவை மெதுவாச் சாத்துங்க!"

"கதவுக்குப் பயந்தா சுவர் கட்டினேன்?"

வேண்டுமென்றே ஓங்கிச் சாத்தினார். வெளியே வந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பாத்தியா?" என்றார்.

அவள் பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு செங்கல் விழுந்தது. அடுத்து இரண்டு. அப்புறம் எண்ணுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. புழுதி அடங்கியபோது, புதிய காரின் தலையில் தகரம் தொப்பி மாதிரி கவிழ்ந்திருந்தது.

"யானை எதுவும் வந்த மாதிரி தெரியலையே அத்தான்" என்றான் தம்பி.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் காரு! தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

அவர் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். "செங்கல் சரியில்ல. சூளைக்காரன் ஏமாத்திட்டான். சிமெண்டும் பழசு. போதாக்குறைக்கு நீ வேற பக்கத்துல நின்னு நைநைன்னு... மனுஷனுக்குக் கவனம் எங்க நிக்கும்?"

"அப்ப உங்க மேல ஒரு தப்பும் இல்ல?"

"நம்ம டிசைன்ல யாராவது ஒரு குறை சொல்லட்டும் பாக்கலாம்!"

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. அவர் கையெல்லாம் செங்கல் புழுதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், ஆபீஸ்லேருந்து பேசறேன். நாளைக்குக் காலையில ஆத்துப் பாலம் திறப்பு விழா. அதைக் கட்டின சீஃப் என்ஜினியர் நீங்க. அதனால, பாலத்துல முதல்ல போற கார்ல நீங்கதான் குடும்பத்தோட இருக்கணும்னு மந்திரியே சொல்லிட்டாரு. வண்டி அனுப்பட்டுமா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி செங்கல் குவியலைப் பார்த்தான்.

பிறந்ததிலிருந்து யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்தறியாத அவர், மிகவும் பணிவாகச் சொன்னார்:

"சேச்சே, அது மரியாதையா இருக்காதுப்பா. மந்திரி முதல்ல போகட்டும். நாங்க பின்னாடியே... படகுல வந்துடறோம்."