பலகையில் ஒரு வரி

"பலகையில அதுக்குக் கீழ ஒரு பொறந்தநாளு எழுதணும். ஒரே ஒரு வரிதான்."

"இன்னிக்கா? இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுமாம்மா உனக்கு?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த வாசுதேவன் கேட்டதும், அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்துப் புதுச் சுடிதாரை மூடிக்கொண்டாள்.

"தெரியும்ணா."

வாசுதேவன் கடலோரத்துக்காரன் இல்லை. கடற்கரை ஊரான கடப்பாக்கத்தில் டீக்கடை போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. கடைச் சுவரில் தொங்கும் கரும்பலகையில் ஐஸ் கம்பெனி முனிசாமி தினமும் காலையில் 'இதே நாளில்' என்று இரண்டு மூன்று செய்தி எழுதுவார். இன்றும் எழுதிக்கொண்டிருந்தார். 1791: கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் பிறந்தார். 1898: ரேடியம் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. 2004: சுனாமி. அதற்குமேல் அவர் கை ஓடவில்லை.

பெஞ்சில் இருந்தவர்கள் குனிந்து டம்ளரைப் பார்த்தார்கள்.

"யாருக்கு, லவ்வருக்கா?" வாசுதேவன் விடவில்லை. "வூட்டுக்கு வூடு மெழுவத்தி ஏத்தி அழுதுகினு கீறாங்க. நீ கேக்கு டப்பாவோட வந்து நிக்கிற. வேற நாளு கெடைக்கலியா?"

"நானா தேடிப் புடிச்ச நாளு இல்லண்ணா."

"எந்த ஊரு?"

"செங்கல்பட்டு. பெரியம்மா வூடு."

"அதான பார்த்தேன். கடலோரத்து ஜனங்க வலி உனக்கு எங்க தெரியப்போவுது?"

தான் வந்தே நான்கு மாதம்தான் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

"அந்தப் பெரியவரைப் பாரு. இதே நாள்ல பொஞ்சாதிய வாரிக் குடுத்தவரு. அவரு கையால உனக்குப் பொறந்தநாளு எழுதணுமா? வெக்கமா இல்ல?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"வெக்கமாத்தான்ணா கீது. வருஷா வருஷம் கீது."

கேக் டப்பாவை பெஞ்சின் அடியில் தள்ளி வைத்தாள். பலகையருகே போய் நின்றாள்.

"நைனா," என்றாள்.

முனிசாமி திரும்பவில்லை. வாசுதேவன் யார் முகத்தையும் பார்க்க முடியாமல், துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தான்.

"இத்தினி வருஷம் பெரியம்மா வூட்டுலயே வுட்டுட்ட, அதக் கேக்கல. அம்மா அன்னிக்கு அலைக்குத் தப்பி ஏறுன மேட்டுப் பள்ளிக்கூடத்துல என்னப் பெத்துட்டுத்தான கண்ண மூடுச்சு? ஓரமாவாச்சும் எழுதேன் நைனா, ஜெயப்பிரியா பொறந்தான்னு."