அழுத்தம் இரண்டாவதில்

"ஃபார்ல எழுந்திரிக்கணும் சார். லீயில இல்ல."

உச்சரிப்பு டீச்சர் பென்சிலால் மேஜையை ஐந்து தட்டு தட்டினாள். இரண்டாவது மட்டும் பலமாக. அன்-ஃபார்-ச்சு-நெட்-லி. அழுத்தம் விழும் இடத்தில் நாற்காலியை விட்டு எழ வேண்டும். அது அவளுடைய கைகண்ட முறை.

அவர் நான்கு அசைக்கும் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தார். ஐந்தாவதில் துள்ளி எழுந்து, "அன்ஃபார்ச்சுநெட்-லீ" என்று இழுத்தார்.

ஆபீசில் அவருக்குப் பெயரே 'லீ அண்ணன்'தான். இன்டர்வியூவில் தேறாதவர்களுக்குப் போன் போட்டு, 'துரதிர்ஷ்டவசமாக' என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, வேலை இல்லை என்று சொல்வது அவர் உத்தியோகம். நாளெல்லாம் அந்த ஒரு வார்த்தை. அதுவும் வாயில் நுழையவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மனுஷனுக்கு ரிட்டையராக இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. டீச்சருக்குப் பாவமாக இருந்தது. நான்கு நாள் தொண்டை வற்றக் கத்தினாள். பக்கத்து மேஜைக்காரர்கள்கூட தங்களை அறியாமல் ஃபாரில் எழ ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மட்டும் லீயில்.

வியாழன் மாலை டீ மெஷின் பக்கம் அவர் குரல் கேட்டது. புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம், "ரெண்டாவதுல அழுத்தும்மா" என்று, பிசிறில்லாமல் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு நாளாக என்னைக் கிறுக்கியாக்கியிருக்கிறாரா?

வெள்ளிக்கிழமை, அவருடைய மதிப்பீட்டுத் தாளில் 'தேறவில்லை' என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிக்க அவர் பேசும் லைனில் இன்னொரு ஹெட்போனை மாட்டினாள்.

எதிர்முனையில் ஒரு பெண். "வேலை... கிடைச்சிருக்கா சார்?"

"அன்ஃபார்ச்சுநெட்-லீ..."

விசும்பல் கேட்டது. "இது எட்டாவது இன்டர்வியூ சார்."

"புரியுதும்மா. அன்ஃபார்ச்சுநெட்-லீ..."

விசும்பல் நின்றது.

"சார், அது அப்படியில்ல. ஃபார்ல அழுத்தணும்."

"லீயிலயா?"

"ஐயோ, ஃபார் சார். எங்க, என் கூடவே சொல்லுங்க."

மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள் அந்தப் பெண். மூன்றாவதில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்களுக்கே அங்க வேலை குடுத்திருக்காங்கன்னா, எனக்கு எங்கயாவது கிடைக்காமலா போயிடும்?"

"கண்டிப்பா கிடைக்கும்மா" என்றார் அவர்.

டீச்சர் பேனாவைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தி, 'தேறினார்' என்பதில் டிக் அடித்தாள்.