இன்னும் கொஞ்சம் குருமா

மாமனார் ஸ்கந்தராஜாவுக்குக் கொலஸ்ட்ரால் என்று தெரிந்ததிலிருந்து மாதுமை தங்கள் மலேசிய வீட்டின் சமையலையே மாற்றிவிட்டாள். அன்று இரவு தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய பாதாம் பாலை ஊற்றிக் கோழிக் குருமா வைத்தாள். இடியப்பமும் கேழ்வரகு மாவில்தான்.

கணவன் ஹரிஷாந் ஒரு வாய் வைத்தான். உடனே எழுந்துவிட்டான்.

"நான் ஈப்போ டவுன்ல சாப்பிட்டுக்கிறேன்லா."

"உங்கப்பாவப் பாருங்க, ஒரு குறை சொல்றாரா? மாமா, எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து."

"கேட்டீங்களா? உங்களுக்குத்தான் நாக்கு ரொம்ப நீளம்!"

ஹரிஷாந் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மாதுமை ஜெயித்த திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தாள். முதல் வாயிலேயே குமட்டியது. குருமா பாயசம்போல இனித்தது. அடுப்படிக்கு ஓடிப் பால் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை சேர்த்த பாதாம் பால்.

"மாமா! இதப் போய் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீங்களே!"

ஸ்கந்தராஜா தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ தவறு செய்து மாட்டிக்கொண்டவர்போல மெல்லச் சொன்னார்.

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் எனக்கு நாக்குல ருசியே தெரியலம்மா. நீ மெனக்கெட்டு செய்யுற. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு விட்டுட்டேன்."

மாதுமையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வருடமாகத் தினமும் அவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். ஒரு நாள்கூட "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதில்லை.