பெல்ட் எட்டாத தூரம்

இப்போதெல்லாம் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு. யாராவது நெருங்கும்போது கட்டியிருப்பவரின் உடம்பு மிரண்டால், அது சிவந்து அலறும்.

மணவறையில் மாப்பிள்ளை இளவழுதி தோளுரச உட்கார்ந்தும் சங்கவியின் பட்டை பச்சையாகவே இருந்தது. தாரை வார்க்க அப்பா அவள் கையைப் பிடிக்க வந்தார். நாலடி தள்ளி வரும்போதே பட்டை அலறியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“மெஷின் ரிப்பேர் போல,” என்று அப்பா சிரித்தார். “கழட்டிப் போடும்மா.”

சங்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றும் இதே சிரிப்புதான்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. எட்டு வயசுல விளாசினீங்களே, அந்தப் பெல்ட் எட்டாத தூரத்துல நின்னாத்தான் இது அடங்கும். அங்கேயே நில்லுங்க.”

சாஸ்திரிகள் தடுமாறினார். “அப்போ யாரும்மா தாரை வார்க்கறது?”

சங்கவி தன் கையை இளவழுதியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது என் கை. நானே குடுக்கிறேன். நீங்க தண்ணியை ஊத்துங்க சாமி.”