நவமணி சொன்ன யெஸ்

ஒரு மலையில ஒரு துரையாம். அந்தத் துரைக்குக் கணக்கு எழுத ஒரு கிராணியாம். துரை இங்கிலீஷில் சொல்வதைத் தமிழாக்குவதும், லயத்து வரிசைவீட்டு ஜனம் தமிழில் புலம்புவதை இங்கிலீஷாக்குவதும் கிராணியின் பாடாம்.

மலை, மலேசியாவில் பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வருஷம் எழுபத்து நாலு. கிராணியின் பேர் சின்னையா.

துரை நாலு வார்த்தை பேசினால் கிராணி நாற்பது பேசுவார். ஜனம் நாற்பது பேசினால் நாலில் முடித்துவிடுவார். போன மாசம் வீரப்பனும் கங்காணியும் அடித்துக்கொண்டு ஆபீசில் வந்து நின்றபோது, “தே சீ ஐ டு ஐ, சார்” என்றார். கண்ணுக்குக் கண் ஒத்துப்போய்விட்டார்களாம். வீரப்பனுக்கு அன்றைக்கு ஒரு கண் திறக்கவே இல்லை.

“நடுவுல என்னத்த முழுங்குறாரோ, யாரு கண்டா லா” என்று லயத்தில் பேச்சு.

அதனால்தான் பாஞ்சாலை ஆபீசுக்குப் போகும்போது நவமணியைத் துணைக்குக் கூப்பிட்டாள். நவமணி பழைய துரை பங்களாவில் பத்து வருஷம் சமைத்தவள். இங்கிலீஷ் எழுத வராது. காதில் விழுந்தால் புரியும்.

பாஞ்சாலையின் புருஷன் கருப்பையா செத்து ரெண்டு மாசம். ஃபேக்டரி வேலைக்காக அவனுக்குக் கொடுத்த வீடு. ஆள் போனால் வீடும் போகும், அது தோட்டத்துச் சட்டம். அந்த வீட்டுக்குள் தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் ரஞ்சிதம், நிறைமாசமாய்.

வீடு அடுத்து யாருக்கு என்பதும் லயத்துக்கே தெரியும். ஃபேக்டரியில் புதுசாய்ச் சேர்ந்த விஜயனுக்கு. விஜயன் நவமணியின் மகன். கல்யாணமாகி எட்டு மாசம். ஒரே அறை. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு பழைய சேலைதான் சுவர்.

“நீ எதுக்கும்மா அவங்ககூடப் போற? அது நமக்கு வர்ற வீடு” என்றான் விஜயன் காலையில்.

“கூப்பிட்டா, போறேன்.”

துரை வேறொரு தோட்டத்திலிருந்து புதுசாய் வந்த வெள்ளைக்காரர். பைலைப் புரட்டிவிட்டு இங்கிலீஷில் சொன்னார். மாசக் கடைசியில் வீட்டைக் காலி பண்ண வேண்டும். சாமான் ஏற்ற லோரி தருவோம். “டேக் இட் ஆர் லீவ் இட்.”

நவமணிக்குத் தெரிந்த பேச்சுதான். பங்களா பின்வாசலில் துரைசாணி காய்கறிக்காரனிடம் சொல்வது. இஷ்டமிருந்தா எடு, இல்லாட்டி நடையைக் கட்டு.

கிராணி பாஞ்சாலை பக்கம் திரும்பினார்.

“ஒனக்கு எவ்ளோ நாள் வேணும்னு துரை கேக்குறாரு.”

நவமணி நிமிர்ந்து பார்த்தாள். துரை அப்படிக் கேட்கவே இல்லை.

பாஞ்சாலைக்கு ஆங்காரம் பொங்கியது. “நாளாவது கெழமையாவது. எம்மவ பெத்துப் பொழச்சு எந்திரிக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன். எவன் வந்து சட்டிபானைய வெளிய வீசுறான்னு பாக்குறேன். துரையையும் ஒரு ஆத்தாதானே பெத்தா, அவளக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க ஐயா.”

துரை ஜன்னல் வழியாய் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராணி தொண்டையைச் செருமினார். “ஷி அக்ரீஸ், சார். ஷி வில் மீட் யு ஹாஃப்வே.” மகளுக்குப் பிரசவம், மூன்று மாசம் கொடுத்தால் போதும், அப்புறம் தானாகவே போய்விடுவாள், துரைக்கு ரொம்ப நன்றி சொல்கிறாள் என்று இங்கிலீஷில் அடுக்கிக்கொண்டே போனார்.

ஹாஃப்வே என்றால் பாதி வழி. பாஞ்சாலை பாதி வழி இல்லை, வாசப்படிகூட இறங்கி வரவில்லை.

லயத்து ஜனம் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள் நவமணி. மனுஷன் ரெண்டு பக்கமும் புளுகுகிறார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாசம் பிறந்தால் வீடு விஜயனுக்கு.

துரை சட்டென்று அவளைப் பார்த்தார். “பங்களாவில் சமைத்த நவமணி நீதானே?” என்று இங்கிலீஷில் கேட்டார். “உனக்கு இங்கிலீஷ் புரியுமாமே. பாஞ்சாலை சொன்னதைத்தான் கிராணி சொன்னாரா?”

கிராணியின் கையில் பென்சில் அப்படியே நின்றது.

“என்னக்கா கேக்குறாரு?” என்றாள் பாஞ்சாலை. ஆபீஸ் படியேறும்போது பிடித்த நவமணியின் முந்தானையை அவள் இன்னும் விடவில்லை.

நவமணி முந்தானையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

“யெஸ் சார். சேம் சேம்.”

துரை பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். “ஐ கேன் லிவ் வித் தட்.”

குழம்பில் உப்பு கூடிப்போன நாளில் துரைசாணி இப்படித்தான் சொல்வாள். பிடிக்கலை, ஆனா இருந்துட்டுப் போகட்டும் என்று அர்த்தம்.

“துரைக்கு ரொம்ப சந்தோசமாம். மூணு மாசம் இருந்துக்க” என்றார் கிராணி.

பாஞ்சாலை கையெடுத்துக் கும்பிட்டாள். மகளிடம் சொல்ல மழையோடு ஓடினாள். கிராணி கடிதம் டைப் அடிக்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

மகனிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி நவமணி வாசலுக்கு வந்தாள்.

“நவமணிம்மா.”

திரும்பினாள். கூப்பிட்டது துரை. குடையை விரித்துக்கொண்டே, சுத்தமான தோட்டத்துத் தமிழில் பேசினார்.

“லிஸ்டுல அடுத்த பேரு ஒங்க மவன் பேரு. நீங்களே சரின்னுட்டா, வேற யாரும் வாயத் தொறக்க முடியாது. அதான் ஒங்களக் கேட்டேன்.”



ரெண்டு படி இறங்கின துரை, டைப் அடிக்கும் சத்தம் வந்த அறையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“எனக்குத் தமிழ் தெரியும்னு கிராணிகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், எல்லாருக்காகவும் ரொம்பக் கஷ்டப்பட்டு மாத்துறாரு.”

சொல்லிவிட்டு ஃபேக்டரிப் பக்கம் நடந்துபோனார்.